காந்தி மார்க்கெட்டின் வெயிலுக்கு எடை என்ன?

தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால், நாள் நட்சத்திரத்தோடு ‘அகசு’ என்ற ஒரு கணக்கும் கண்ணில் படும். சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை எத்தனை நாழிகை என்பதே அகசு. திருச்சிக்கு அதைக் கணக்கிட்டால் மார்கழி முதல் வாரத்தில் ஏறக்குறைய இருபத்தெட்டரை நாழிகை வரும். ஆனி முதல் வாரத்தில் முப்பத்தொன்றரை. வருஷத்தின் மிகக் குட்டையான பகலுக்கும் மிக நீளமான பகலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மூன்று நாழிகைதான், அதாவது ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய பேச்சின் பொருள், ஓர் இடத்துக்கு ஒரு நாளில் சூரியனிடமிருந்து எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பது. இடமாக நான் எடுத்துக்கொண்டது திருச்சி காந்தி மார்க்கெட். மண்டிகளும் தகரக் கூரைகளும் மொட்டை மாடிகளும் நெருங்கிக் கிடக்கும், எதையும் எடை போட்டே பழகிய இடம் அது. அங்கே எடை போடாமல் வருகிற சரக்கு வெயில் ஒன்றுதான். நான் சொல்ல வருவது இது: திருச்சியைப் போன்ற ஊரில் இந்தக் கணக்கின் வானியல் பகுதி எளிது, அதில் ஏற்ற இறக்கமும் குறைவு. தவறு நேர்வது மேகத்திலும் கூரையிலும். ஆகவே இங்கே வெயிலைக் கணக்கிடுவது என்றால், பெரும்பாலும் அந்தந்த இடத்தில், அந்தந்த மாதத்தில் அளந்து பார்ப்பது என்றே பொருள்.

முதலில் வானத்துக் கணக்கு. காற்றுமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுவது 1,361 வாட். பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகிலும் ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவிலும் இருப்பதால், இந்த அளவு வருஷத்தில் நூற்றுக்கு மூன்றரை வரை கூடிக் குறையும். மற்றதெல்லாம் சாய்வின் விளையாட்டு. திருச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது, சூரியனோ 23.45 பாகை வடக்குக்கும் தெற்குக்குமாக உத்தராயணம், தட்சிணாயனம் என்று போய் வருகிறது. நமது பாகை, சூரியன் அன்று நிற்கும் பாகை, அன்றைய பகலின் நீளம் என்ற மூன்றும் கையில் இருந்தால், தரைக்கு இணையான ஒரு சதுர மீட்டருக்கு மேலிருந்து வரும் நாளொன்றின் ஆற்றலைப் பள்ளிக்கூடத் திரிகோணமிதியைக் கொண்டே போட்டுவிடலாம். திருச்சிக்கு விடை: டிசம்பர் 21 அன்று சுமார் 8.5 யூனிட், ஏப்ரல் நடுவில் சுமார் 10.5 யூனிட், ஜூன் 21 அன்று 10.3. இங்கே யூனிட் என்பது மின்கட்டண அட்டையில் இருக்கும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. இதே கணக்கை டெல்லிக்குப் போட்டால் டிசம்பரில் 5.7, ஜூனில் 11.3. லண்டனுக்கு டிசம்பரில் 1.8, ஜூனில் 11.5. வெயில் ஊர் என்று பெயரெடுத்த திருச்சியைவிட ஜூன் மாதத்து லண்டனின் தலைக்கு மேல் அதிக ஆற்றல் வந்து நிற்கிறது என்பது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் பதினாறரை மணி நேரப் பகல் என்றால் சும்மாவா?

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்கும். லண்டனில் ஆறு மடங்கு, டெல்லியில் இரண்டு மடங்கு என்று ஏறி இறங்கும் வானத்தின் வரவு, திருச்சியில் நாலில் ஒரு பங்குகூட முழுசாக ஏறி இறங்குவதில்லை. அங்கெல்லாம் எந்தத் தேதி என்று சொன்னாலே கணக்கில் பாதி முடிந்துவிடும். இங்கே தேதி அவ்வளவு பேசாது. மேலே பத்து யூனிட் வந்தால் அதில் தரைக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஆண்டுச் சராசரியாகத் திருச்சித் தரைக்கு வருவது, பல மதிப்பீடுகளின்படி, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில். அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பதைக் காண இரண்டு தேதிகளை எடுத்துக்கொள்வோம்: கார்த்திகை முதல் தேதி, தை பத்துத் தேதி. இந்த இரண்டு நாளும் சூரியன் வானத்தில் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகிறது. தெற்கே பத்தொன்பது பாகைச் சாய்வு, ஒரே நீளப் பகல், மேலிருந்து வரும் ஆற்றலும் இரண்டுக்கும் ஒன்பது யூனிட்டை ஒட்டியே. தரையில் என்ன ஆகிறது? நவம்பர் நடுவில் சராசரி நாலேகால், நாலரை என்று நிற்கும். ஜனவரிக் கடைசியில் ஐந்தைத் தாண்டிவிடும். சூரியன் செய்யாத வித்தியாசத்தை வடகிழக்குப் பருவமழையின் மேகம் செய்கிறது. சூத்திரத்தைக் கொண்டு இந்த இரண்டு நாளையும் பிரித்தறிய முடியாது. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெப்பத்தை வைத்து வெயிலை எடை போடும் பழக்கமும் இங்கே தவறாகிவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில்தான் வெயில் அதிகம் என்பது ஊர்ப் பேச்சு. உடம்புக்கு அது உண்மை. தரையில் விழும் ஆற்றலுக்கு உண்மையில்லை. திருச்சியில் தரைக்கு மிகுதியாக ஒளி இறங்குவது பெரும்பாலும் மார்ச் மாதம், ஆறு யூனிட்டுக்கும் மேலே. மே மாதம் வந்துவிட்டால் பிற்பகலில் மேகம் திரள்கிறது, காற்றில் ஈரமும் புழுதியும் கூடுகின்றன. மாதக்கணக்கில் சூடேறிக் கிடக்கும் மண்ணும் சுவரும் நம்மைச் சுடுகின்றனவே தவிர, அன்றைய வரவு மார்ச்சைவிடக் குறைவு. வெப்பமானி சொல்வது சேமிப்பின் நிலவரம். நமக்கு வேண்டியது அன்றன்றைய வரவு.

அந்த வரவை அளக்க மனிதர்கள் கண்டுபிடித்த கருவிகளில் மிக அழகானது கண்ணாடிக் குண்டு. 1853-இல் காம்ப்பெல் என்பவர் உருவாக்கி, 1879-இல் ஸ்டோக்ஸ் திருத்தியது. தேங்காயளவுக்கு ஒரு கண்ணாடிக் கோளம். அதன் பின்னால் வளைவான சட்டத்தில் ஒரு நீல அட்டை. வெயில் அடித்தால் கோளம் ஒளியைக் குவித்து அட்டையில் ஒரு கரிக்கோடு எரிக்கும். மேகம் வந்தால் கோடு அறுந்துபோகும், விலகினால் மறுபடி தொடங்கும். மாலையில் அட்டையை எடுத்து எரிந்த நீளத்தை அளந்தால், அன்று எத்தனை மணி நேரம் பளிச்சென்று வெயில் அடித்தது என்பது தெரிந்துவிடும். ஸ்வீடன் நாட்டு ஆங்ஸ்ட்ராம் 1924-இலும் ஆஸ்திரேலியாவின் பிரெஸ்காட் 1940-இலும் இந்த மணிக்கணக்கை ஆற்றல் கணக்கோடு கட்டினார்கள். மேலிருந்து வரும் ஆற்றலில் கால் பங்கு, முழு மேகம் மூடியிருந்தாலும் சிதறிய ஒளியாக வந்துவிடும். இன்னொரு பாதிப் பங்கு, பகலில் எத்தனை பங்கு வெயில் அடித்ததோ அந்த விகிதத்தில் வந்து சேரும். பன்னிரண்டு மணிப் பகலில் எட்டு மணி வெயில் என்றால், கால் பங்கோடு பாதியில் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்த்து, மேலே இருக்கும் 10.3-இல் ஆறு யூனிட் இறங்கியது என்று சொல்லலாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஆனால் அந்தக் கால் பங்கும் பாதிப் பங்கும் இடத்துக்கு இடம் மாறுபவை. அளந்த ஊருக்குத்தான் அவை சரியாகப் பொருந்தும். வேறு எங்கோ அளந்த விகிதத்தைக் காவிரிக் கரையில் வைத்துக் கணக்குப் போட்டால் விடை சுத்தமாகத் தெரியும், சரியாக இருக்காது.

இந்தியாவில் இதை உணர்ந்து நாடு முழுக்க அளக்க ஏற்பாடு செய்தவர் அன்னா மணி. 1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தவர். அந்த ராமன் பிறந்தது 1888-இல் நம் திருவானைக்காவலில். அன்னா மணியின் ஆய்வுக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. முதுகலைப் பட்டம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் 1948-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் தொடர் ஒன்றை நாட்டில் நிறுவினார். இறக்குமதிக் கருவிகளை நம்பியிருந்த நிலையை மாற்றி, கருவிகளை இங்கேயே செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார். அதன் விளைவே 1980-இல் வந்த இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடும், பின்னர் ரங்கராஜனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலும். சோலார் தகடு வீட்டுக் கூரைக்கு வரும் என்று யாரும் நினைக்காத காலத்தில் செய்த வேலை அது. பிறகு 2011-இல் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள காற்றாற்றல் நிறுவனம் மத்திய அரசின் திட்டத்தில் முதல் கட்டமாக 51 நிலையங்களை நிறுவியது. அந்த நிலையங்களில் இருக்கும் கருவி பைரனோமீட்டர். இரட்டைக் கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்புப் பூசிய ஒரு வட்டத் தகடு. ஒளி பட்டால் அது சூடாகும், அதன் அடியில் கோத்த உலோக இணைப்புகள் அந்தச் சூட்டை மின்னழுத்தமாக்கும். நடுப்பகலில்கூட அது தருவது பத்து மில்லிவோல்ட்டை ஒட்டியே இருக்கும். அந்தக் குமிழில் ஒரு விரல் ரேகை படிந்தாலும், நாலு நாள் தூசி துடைக்காமல் விட்டாலும் கணக்கு கோணிப்போகும். அன்னா மணி சரிபார்ப்பில் பிடிவாதம் பிடித்ததற்கு இத்தகைய சில்லறைக் காரணங்கள் போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். செயற்கைக்கோள்கள் மேகத்தை அரை மணிக்கொரு முறை படம் பிடிக்கின்றன. எந்த ஊரின் பெயரைத் தட்டினாலும் பத்து, இருபது வருஷத்துச் சராசரி திரையில் வந்து நிற்கிறது. பிறகு தரையில் எதற்குக் கருவி? இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மாதச் சராசரிக்கும் நீண்ட காலப் போக்குக்கும் செயற்கைக்கோள் நல்ல துணை. மேலே நான் சொன்ன மாத எண்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதாம். ஆனால் பரவலாகப் புழங்கும் தரவுகளில் ஒரு கட்டம் என்பது பல கிலோமீட்டர், சிலவற்றில் ஐம்பது, நூறு கிலோமீட்டர் அகலம். அந்த ஒரே கட்டத்துக்குள் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத் தீவும் மலைக்கோட்டையும் மணப்பாறைப் பக்கத்துப் பொட்டல் காடும் சேர்ந்துவிடும். ஒரு நாள் கணக்கில் ஏற்படும் பிழை மாதச் சராசரியில் கரைந்துபோகும் என்பதால், சராசரி சரியாக இருப்பதே ஒவ்வொரு நாளும் சரியாக இருந்ததற்கு அத்தாட்சி ஆகாது. எனவே செயற்கைக்கோள் தரும் நீண்ட கணக்கையும் தரைக் கருவி தரும் குறுகிய கணக்கையும் ஒரு வருஷமாவது பக்கத்தில் வைத்து, முன்னதைப் பின்னதால் திருத்திக்கொள்வதே முறை. ஒன்றை வைத்து மற்றதைத் தூக்கி எறியச் சொல்வது என் நோக்கமில்லை.

மேகத்தைத் தாண்டி வந்த ஒளி கடைசியில் கூரையில் இறங்க வேண்டும். காந்தி மார்க்கெட்டைச் சுற்றி எந்தக் கூரையும் இன்னொரு கூரையைப் போல இல்லை. பெரிதாகத் தெரிவது சிறிதாகவும் சிறிதாகத் தெரிவது பெரிதாகவும் இருக்கும் இடம் இது. மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். சூரியன் அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலே இருக்கும்போது அதன் நிழல் கிழக்கே 470 மீட்டர் நீளும். ஆனாலும் சூரியன் பத்துப் பாகைக்குக் கீழே இருக்கும் அந்த மாலை நாற்பது நிமிஷத்தில், கிடைத் தரைக்கு வருவது நாள் வரவில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய பாறை எடுத்துக்கொள்வதைவிடப் பக்கத்து மாடியின் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த்தொட்டி அதிகம் எடுத்துக்கொள்ளும். நடுப்பகலுக்கு முன்னும் பின்னும் அந்தத் தொட்டியின் நிழல் சோலார் தகடுகளின் மேல் ஊர்ந்து போகுமானால், தொடராகக் கோத்த தகடுகளில் ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதையும் பின்னுக்கு இழுக்கும். திசையையும் கவனிக்க வேண்டும். சித்திரை ஐந்தாம் தேதி வாக்கில் சூரியன் திருச்சியின் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆவணி எட்டாம் தேதி வரை நடுப்பகலில் வடக்கேதான் நிற்கிறது. தெற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை மட்டும் பார்த்துத் தகடு மாட்டுகிறவர் வருஷத்தில் நாலு மாதத்தை மறந்துவிடுகிறார். மூன்றடிச் சுவர் மார்கழி நடுப்பகலில் இரண்டடி நிழலை வடக்கே வீசும். அதே உயரத்து வடக்குச் சுவர் ஆனி நடுப்பகலில் எட்டு அங்குல நிழலைத் தெற்கே வீசும். காலையும் மாலையும் இன்னும் நீளும். தகட்டைப் பதினொரு பாகை தெற்கே சாய்த்து வைத்தால் டிசம்பரின் நேரடி ஒளி நூற்றுக்குப் பதினாறு வரை கூடும், ஜூனில் பத்து வரை குறையும். ஆனால் இந்தக் கூடுதல் நேரடி ஒளிக்கு மட்டுந்தான். மேகம் மூடிய கார்த்திகையில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வருவதால், சாய்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் ஈட்டித் தரும். இதோடு சூடு வேறு. சிலிக்கான் தகடு 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு சுமார் 0.4 பங்கை இழக்கும். ஏப்ரல் மதியத்தில் தகரக் கூரையை ஒட்டி மாட்டிய தகடு 60 பாகையைத் தொட்டால், வந்த ஒளியில் ஏழில் ஒரு பங்கு விளைச்சல் அங்கேயே போய்விடும். தகட்டுக்கு அடியில் காற்று புக ஒரு சாண் இடம் விட்டால் ஆடிக் காற்று கூலி வாங்காமல் வேலை செய்யும்.

நடைமுறையில் சோலார் மாட்டுகிறவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட். ஐந்தேகால், ஐந்தரை யூனிட் வெயிலில் சூடு, தூசி, கம்பி இழப்பு எல்லாம் போக முக்கால் பங்கை ஒட்டிக் கிடைக்கும் என்று பார்த்தால், அது வருஷச் சராசரிக்குச் சரியான கணக்குத்தான். மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து, குறையும்போது வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு இந்தச் சராசரி போதுமே, மாதக் கணக்கும் நாள் கணக்கும் எதற்கு என்று கேட்பார்கள். கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் காந்தி மார்க்கெட்டின் வேலையைப் பாருங்கள். லாரிகள் இரவில் வந்து இறக்கும், மொத்த வியாபாரம் விடிவதற்குள் பாதி முடிந்துவிடும். விற்காத கீரையும் தக்காளியும் அன்றைய பகலைத் தாங்க வேண்டும். அங்கே ஒரு சிறு குளிர் அறை வைத்து அதற்கு நாளைக்கு நாற்பது யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாலு யூனிட் கணக்கில் பத்துக் கிலோவாட் போதும். நவம்பரில் அதே தகடு கிலோவாட்டுக்கு மூன்றேகாலைத்தான் தரும். பன்னிரண்டு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே தேவைப்படும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நின்று மூன்று நாள் வானம் மூடி, தரைக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் மட்டும் இறங்கினால், பத்துக் கிலோவாட்டிலிருந்து நாளைக்குப் பதின்மூன்று யூனிட்டை ஒட்டி வரும். மூன்று நாளில் துண்டு எண்பது யூனிட். அந்த நாளில் காற்று குளிர்ந்திருப்பதால் அறைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வேண்டும். அதைக் கழித்தாலும் ஒன்றரை நாள் தேவையைச் சேமித்து வைக்கும் வழி இல்லாமல் முடியாது. அது பேட்டரியா, முன்கூட்டியே உறைய வைத்த பனிக்கட்டியா, மின்வாரியத்தின் கம்பியா என்பது செலவைப் பொறுத்தது. எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிப்பது சராசரி அல்ல, கார்த்திகையின் மோசமான மூன்று நாள்.

வியாபாரிக்கு இவ்வளவு நுணுக்கம் ஆகுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. மண்டியில் தானிய மூட்டை வந்தால் கோணியில் குத்தூசியைச் செருகி உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்காமல் விலை பேசுகிறவர் யார்? பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் என்றால் ஒன்று, வேறு ஊர் என்றால் ஒன்று, மழையில் நனைந்தது என்றால் இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கும் இடத்தில், வெயிலுக்கு மட்டும் ஊர் முழுக்க ஒரே விலை என்று நம்பச் சொல்வதுதான் வியாபாரிக்கு முறையற்ற வேலை.

கருவிக்குச் செலவாகும் என்ற மறுப்புக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். நல்ல பைரனோமீட்டர் விலை கூடியது, பராமரிப்பும் கேட்கும். அதை ஒவ்வொரு கூரைக்கும் யாரும் கேட்கவில்லை. நகரத்துக்கு ஒன்றிரண்டு போதும். மற்ற இடங்களில் ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றன, நாம் அவற்றைக் கருவி என்று அழைப்பதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்துக்குப் பிறகு கூரைத் தகடுகள் பெருகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் இன்வெர்ட்டரும் அன்று எத்தனை யூனிட் விளைந்தது என்பதைத் தன்னிடமே பதிந்து வைக்கிறது. பஞ்சப்பூரில் மாநகராட்சிக்கே சூரிய மின்நிலையம் உண்டு. அன்றைய விளைச்சலைத் தகட்டின் கிலோவாட்டால் வகுத்து, வந்ததை மறுபடி முக்காலால் வகுத்தால் அந்த இடத்தின் அன்றைய வெயில் ஏறக்குறைய வந்துவிடும். தூசியும் நிழலும் கலந்த கணக்குத்தான். பக்கத்துக் கூரைகளோடு ஒப்பிட்டால் எது மேகத்தின் குறை, எது துடைக்காத தகட்டின் குறை என்பது பிரிந்துவிடும். பொதுக் கட்டடங்களின் இந்த எண்களை நாள்தோறும் வெளியிட மாநகராட்சிக்குப் புதிதாக எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. உழவர் சந்தை வாசலில் கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என்று தினமும் விலை எழுதும் பலகையைப் போல மார்க்கெட் வாசலிலும் ஒரு பலகை வைக்கலாம். அதன் கடைசி வரியில் நேற்றைய வெயில் 4.1 என்று சாக்கட்டியால் எழுத ஒரு நிமிஷம் ஆகும்.